கோயிலுக்குக் கோயில் கருகல் வாடை

பசுபதி ஹாஜ்ராவின் மூக்கைப் பற்றிச் சந்தன்நகரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கங்கைக்கரை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, எதிர்க்கரையில் எந்த வீட்டில் ஹில்சா மீன் வறுபடுகிறது, வறுக்கிற கடுகெண்ணெய் சொந்தமா அடுத்த வீட்டில் வாங்கியதா என்பதுவரை சொல்லிவிடுவார். ஜட்ஜ் வீட்டு வெண்கலக் குடத்தைத் திருடியவனை, அவன் தலையில் தேய்த்திருந்த எண்ணெயை வைத்தே ஓடுகிற ரயிலில் பிடித்தவர். ஓடியது அவர் ஏறியிருந்த ரயில் அல்ல, பக்கத்துத் தண்டவாளத்து ரயில் என்று ஊரில் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை.

அந்த மூக்கு தை மாதக் குளிரில் சுத்தமாக அடைத்துக்கொண்டு கிடந்த நேரம் பார்த்துத்தான் வாடை கேஸ் ஒன்று வாசலுக்கு வந்தது.

"அத்தான், உங்க மூக்கு லீவுல இருக்கு. முடியாதுன்னு சொல்லிடுங்க," என்றான் லாட்டு. அவருடைய மனைவியின் தம்பி. உதவியாளர் பதவியை அவனுக்கு அவர் கொடுக்கவில்லை. கல்யாணச் சீரோடு சேர்ந்து வந்துவிட்டான்.

"நீ எதுக்கு இருக்கே? இன்னைக்கு உன் மூக்கு, என் மூளை," என்று குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார் பசுபதி.

"நல்ல வேளை, மாத்திச் சொல்லலை."

வாசலில் நின்றது நிவாரண் கோலேயின் வெள்ளை அம்பாசிடர். வாடகைக்கு ஓடும் வண்டி. பக்கத்தில் நிவாரண் நின்றான். பேசுவதற்கு வாயைத் திறக்குமுன் பின் சீட்டில் இருக்கும் தாயை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும் ரகம்.

"ஹாஜ்ரா ஐயா, வண்டியில கருகல் வாடை. கரண்ட் ஒயர் பொசுங்குற மாதிரி. கல்யாணம் ஆனதுலேருந்து."

"மெக்கானிக் பாத்தானா?"

"சாதன் மிஸ்திரி டைனமோவை மாத்திட்டார். விளக்கு ஒயரையெல்லாம் மாத்திட்டார். வைப்பர் மோட்டாரை மாத்திட்டார். இனிமே மாத்தணும்னா டிரைவரைத்தான் மாத்தணும்கறார்."

"எப்பெல்லாம் வருது?"

நிவாரண் குரலைத் தாழ்த்தினான். "ஷெட்டுல நிக்கும்போது வராது. சவாரி போறப்ப வராது. கோயிலைத் தாண்டுறப்ப வருது ஐயா. அதுவும் என் பொண்டாட்டி வண்டியில இருந்தா மட்டும்."

தாழ்த்திய குரல் பின் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவன் தாய் கிரிபாலா தலையை நீட்டினாள்.

"அம்பாளுக்கே இவ ஆகலை, துப்பறியும் ஐயா! கோயில் வாசலுக்கு வந்தா வண்டியே வயிறெரியுது. இதுல துப்பு என்ன வேண்டிக் கிடக்கு? அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தா வாடையும் போயிடும், பீடையும் போயிடும். என் பையன் கேக்க மாட்டேங்கறான், உங்களை ஏத்திக்கணுமாம். ஏறுங்க. தாரகேஷ்வர்ல இவ அப்பன் வீடு போற வரைக்கும் உக்காந்து மோந்து பாருங்க."

கிரிபாலாவுக்குப் பக்கத்தில், மடியில் கை வைத்தபடி, மருமகள் ஷியூலி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தகரப்பெட்டி டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. பிறந்த வீட்டில் அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு தங்கைகள். மூத்தவளைப் புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பினார்கள் என்று தெரிந்தால் இளையவர்களைக் கேட்டு ஒருவனும் அந்த வாசலை மிதிக்க மாட்டான். இதை யாரும் பசுபதியிடம் சொல்லவில்லை; சொல்லத் தேவையுமில்லை. தாரகேஷ்வர் போய்ச் சேருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன் சீட்டில் ஏறிக்கொண்டு திரும்பிக் கேட்டார். "நீ என்னம்மா சொல்றே?"

"நான் என்ன சொல்ல?" என்றாள் ஷியூலி. "நான் ஏறினாத்தானே வருது. ராத்திரியில என் கையை நானே மோந்து பாக்குறேன்."

லாட்டு பின் சீட்டில் ஏறிக்கொண்டான். பின் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டான்.

வண்டி கிளம்பியது.

ஊர் எல்லையில் சண்டி கோயில். கிரிபாலாவின் உதடு அசைந்தது, சங்கு முழங்கியது, வண்டியில் எல்லாரும் கண்ணை மூடி நெற்றியில் கை வைத்தார்கள். பசுபதி சாமி இல்லையென்கிற கட்சிக்காரர், நாலு பேர் முன்னால் கும்பிட முடியாது. அதனால் குல்லாயைச் சரிசெய்வதுபோல் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். கண்ணை மட்டும் அவரால் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

"வந்துடுச்சு!" என்றான் லாட்டு. "அத்தான், அசல் கருகல்! பழைய ரேடியோ செத்துப்போற வாடை."

"எங்கிருந்து?"

"முன்னாடியிருந்து."

"முன்னாடின்னா?"

"உங்க பக்கத்துலேருந்து. நீங்க ஏதும் யோசிச்சீங்களா?"

பசுபதி மூக்கை உறிஞ்சினார். ஆப்பு அறைந்த மாதிரி இருந்தது. காற்றுகூட உள்ளே போகவில்லை.

"நிவாரண், வண்டியை நிறுத்து."

நிறுத்தினான். பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே எஞ்சின் இருந்தது. அது எஞ்சின் என்பதைத் தாண்டிப் பசுபதிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாட்சிக் கூண்டில் நிற்பவனைப் பார்ப்பதுபோல் அதை வெகுநேரம் பார்த்தார். எஞ்சின் வாய் திறக்கவில்லை. வாடையும் அதற்குள் போய்விட்டிருந்தது.

"சரி. ஒவ்வொண்ணா விசாரிப்போம்," என்றார்.

உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது விசாரணை நடந்தது. முகப்பு விளக்கைப் போடச் சொன்னார். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரும் வண்டிக்கு எதிரே வந்தவர்களெல்லாம் சவ ஊர்தியென்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வாடை இல்லை. மழையில்லாமல் வைப்பரை ஓடவிட்டார். வாடை இல்லை. ஹாரனை அடிக்கச் சொன்னார். நிவாரண் ஸ்டியரிங் நடுவே தட்டினான். வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, வாடை வரவில்லை. பிரேக் விளக்கு, சைடு விளக்கு, உள் விளக்கு எல்லாமே நிரபராதிகள்.

"இன்னும் ஏதாவது சுவிட்சு பாக்கி இருக்கா?"

"இல்லைங்க ஐயா. அவ்வளவுதான் வண்டி."

"கோயில் தாண்டுறப்ப நீ என்ன செய்யறே?"

"நான் என்ன செய்யறேன்? ஒண்ணும் செய்யலை. ஓட்டுறேன்."

அடுத்து சிவன் கோயில். சங்கு, கண்மூடல், குல்லாய் சரிசெய்தல். கண் திறந்தபோது லாட்டு தும்மிக்கொண்டிருந்தான்.

"முன்னைவிட ஜாஸ்தி, அத்தான்!"

பசுபதி விரல் விட்டு எண்ணினார். விளக்கு இல்லை, வைப்பர் இல்லை, டைனமோ இல்லை. மிச்சமிருப்பது இரண்டே பேர். ஒன்று அம்பாள், இன்னொன்று பின் சீட்டில் தலை கவிழ்ந்திருக்கும் அந்தப் பெண். இந்த இருவரில் யாரையும் கைது செய்கிற தெம்பு அவருக்கு இல்லை. ஒருவேளை கிரிபாலா சொல்வதுதான் சரியோ என்று ஒரு நினைப்பு வந்தது. கட்சி உறுப்பினர் அட்டை சட்டைப்பைக்குள் சுருக்கென்று குத்தியது.

"என்ன ஐயா, துப்பு கிடைச்சுதா?" என்றாள் கிரிபாலா. "சிங்கூர்ல எங்க அக்கா வீடு ரோட்டு மேலேயே இருக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். நீங்க அதுவரைக்கும் மோந்துக்கிட்டு இருங்க."

சிங்கூரில் இறங்கி உள்ளே போனாள். மருமகளைப் பற்றி அக்காவிடம் சொல்வதற்கு அவளிடம் சரக்கு ஏராளமாக இருந்ததால், சீக்கிரம் வரமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

லாட்டு எதிர் மிட்டாய்க்கடையில் ஈச்சவெல்ல சந்தேஷ் வாங்கி வந்து ஷியூலியிடமும் ஒன்றை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தாள்.

"அத்தான், வெட்டியா நிக்கிறதுக்கு அந்தக் காளி கோயில் வரைக்கும் போயிட்டு வருவோமா? அதோ கோபுரம் தெரியுது. ஒரு தடவையாவது அந்த அம்மா வாய் இல்லாம, நிம்மதியா மோந்து பாக்கணும்."

வேறு யோசனை எதுவும் கைவசம் இல்லாததால் பசுபதி தலையாட்டினார். ஷியூலி பின்னால் இருந்தபடியே இருக்க, வண்டி காளி கோயிலைத் தாண்டியது. நிவாரண் ஒரு கையால் நெற்றியைத் தொட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டினான்.

"என்ன?" என்றார் பசுபதி.

லாட்டு காற்றை நாலு திசையிலும் இழுத்துப் பார்த்தான். "ஒண்ணுமில்லை. சந்தேஷ் வாடைதான்."

"நல்லாப் பாரு!"

"சத்தியமா இல்லை அத்தான். அம்பாள் சாப்பிடப் போயிட்டா போல."

பசுபதி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு மூக்கு அடைத்திருந்ததே தவிர மூளை அடைத்திருக்கவில்லை. கோயில் இருக்கிறது. வண்டி இருக்கிறது. ஷியூலி இருக்கிறாள். வாடை மட்டும் இல்லை.

"நிவாரண்! இதுவரைக்கும் வாடை வந்தப்பல்லாம் உன் பொண்டாட்டி வண்டியில இருந்தா. சரி. வேற யாரு இருந்தா?"

"வேற யாரு? நானு. அப்புறம்..." நிவாரண் வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டான். பழக்கதோஷத்தில் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கே தாய் இல்லை.

"உங்கம்மா இல்லாம உன் பொண்டாட்டி என்னைக்காவது இந்த வண்டியில ஏறியிருக்காளா?"

"அம்மா விடமாட்டாங்க ஐயா. புருஷனும் பொண்டாட்டியும் தனியாப் போனா ஊர் என்ன சொல்லும்பாங்க."

"ஆகக்கூடி, வாடை உன் மருமக... சீ, உன் பொண்டாட்டி கூட வரலை. உங்கம்மா கூட வருது!"

லாட்டு சந்தேஷை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "கேஸ் முடிஞ்சுது. ஆனா அத்தான், அந்த அம்மாவைக் கழட்டிப் பாக்க முடியாதே?"

பின் சீட்டிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஷியூலி சிரித்தாளா அழுதாளா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுவிட்டாள்.

திரும்பிப் போய்க் கிரிபாலாவை ஏற்றிக்கொண்டார்கள். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்ததில் முகம் தெளிந்திருந்தது. மறுபடியும் காளி கோயில் வந்தது. இந்தத் தடவை பசுபதி வாழ்நாளில் செய்யாத ஒரு காரியம் செய்தார். கோயிலுக்கு எதிரே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். இமை தானாக மூடப் பார்த்தது. விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

டிரைவரின் கண்ணாடியில் கிரிபாலாவின் உதடு அசைந்தது. "ஊதுடா."

நிவாரணின் இடது கை ஸ்டியரிங்கை விட்டது. டாஷ்போர்டு நடுவில் ஒட்டியிருந்த அம்பாள் படத்துக்கு அடியில், செம்பருத்தி மாலைக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு சுவிட்சு. வீட்டு வாசலில் அழைப்புமணிக்கு வைக்கிற வெள்ளைச் சுவிட்சு. அதை அழுத்தி, கண்ணை மூடி, கோயில் முழுதாகத் தாண்டுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. கோயிலில் ஊதுவதாகப் பசுபதி நினைத்திருந்த சங்கு வண்டியின் வயிற்றிலிருந்து முழங்கியது. கோயில் வாசலில் பூ விற்றவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"கையை எடுடா!" என்று கத்தினார் பசுபதி.

"ஐயா, சாமிக்கு..."

"சாமிக்குக் காது நல்லாக் கேக்கும்! எடு!"

எடுத்தான். சற்றுத் தாமதமாக எடுத்துவிட்டான். மாலைக்குப் பின்னாலிருந்து மெல்லிய நூலாகப் புகை கிளம்பி அம்பாளின் முகத்தை மறைத்தது. கிரிபாலா கைகூப்பிவிட்டாள். புகை தடித்து, செம்பருத்தி இதழ் ஒன்று சுருண்டது. இப்போது லாட்டுவின் மூக்கு தேவைப்படவில்லை. பசுபதிக்கே கண்ணில் நீர் வந்தது.

"எல்லாரும் இறங்குங்க! நிவாரண், பாட்டரி ஒயரைக் கழட்டு!"

நிவாரண் பாய்ந்து பானெட்டைத் திறந்து, ஸ்பானரைப் போட்டுப் பாட்டரி முனையைக் கழற்றினான். புகை இளைத்தது. நின்றது. ரோட்டோரக் கடுகு வயலின் விளிம்பில் நால்வரும் நிற்க, லாட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒரு ஒயரை வெளியே இழுத்தான். சிவப்பும் பச்சையுமாக முறுக்கிய, நூல் மாதிரி ஒயர். பாதி தூரத்துக்கு மேலுறை உருகி, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், இதை எனக்கு நல்லாத் தெரியும். ஊர்வலத்துல சீரியல் விளக்கு மயில் தோகை விரிக்குமே, அதுல ஓடுற ஒயர். போன ஜகத்தாத்ரி பூஜைக்கு எங்க தெருவுல இதை வெச்சுத்தான் முதலை வாயைத் திறந்து மூடிச்சு."

"யாரு மாட்டினது?" என்றார் பசுபதி.

நிவாரண் காலடி மண்ணைப் பார்த்தான். "என் மாமா பையன் பிஷு. விளக்கு வேலைக்காரன். கல்யாணத்தன்னைக்குப் பொண்ணை வீட்டுக்குக் கூட்டி வர்றப்ப அம்மாதான் சங்கு ஊதணும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அதனால பஸ்ஸுக்கு மாட்டுற காத்து ஹாரனை வாங்கி, சங்கு மாதிரி ஊத வெச்சு, அன்னைக்குக் காலையில மாட்டினான். அப்புறம் அம்மா, கோயில் வந்தா ஊதுன்னாங்க."

"சவாரியில?"

"சவாரிக்காரங்க திட்டுறாங்க ஐயா. அம்மா இருந்தாத்தான் ஊதுவேன்."

"சாதன் மிஸ்திரி கிட்ட இதைச் சொன்னியா?"

"அவரு கரண்ட் சாமானைத்தானே கேட்டார்? இது சாமி காரியமாச்சே."

பசுபதி ஒயரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். "பிஷு ஃபியூஸ் வைக்கலையா?"

"கேட்டேன் ஐயா. இருநூத்தி இருபது வோல்ட்டுல விளையாடுறவன் நான், இந்தப் பன்னெண்டு வோல்ட்டு கொசுக்கடிக்கு ஃபியூஸ் வெச்சா ஊரு சிரிக்கும்னான்."

ஆக, இதுதான் சங்கதி. நாட்டிலேயே விளக்கு வேலைக்குப் பேர்போன ஊர்; அந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வீட்டு மின்சாரத்தில் இந்த மெல்லிய ஒயர் ஆயிரம் குட்டி பல்பை அலுங்காமல் எரிக்கும். பாட்டரியிலோ அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் அதே வேலைக்கு மின்சாரம் பல மடங்கு ஓடியாக வேண்டும். சங்கு ஊதுகிற மோட்டார் குடம் குடமாகக் கேட்க, இந்த ஒயர் இளநீர்க்குழாய் மாதிரி அதைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறது. ஒரு நொடி ஊதினால் சூடு. கோயில் மதில் நீளத்துக்கு ஊதினால் கருகல். பெரிய மதில் வாய்த்திருந்தால் வண்டியே போயிருக்கும்.

பசுபதி கிரிபாலாவிடம் போனார். இது மாதிரி நேரத்துக்கென்று அவர் ஒரு குரல் வைத்திருந்தார். மூக்கடைப்பில் அது எருமைக் குரலாக வந்தது.

"அம்மா, உங்க மருமக வந்த அதே நாள்ல இந்தச் சங்கும் வண்டிக்கு வந்திருக்கு. குத்தம் ஒயர் மேல. ஊதச் சொன்னது நீங்க. அழுத்தினது உங்க பையன். மாட்டினது உங்க அண்ணன் பையன். இந்தப் பொண்ணு செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பின் சீட்டுல உக்காந்திருந்தா."

கிரிபாலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ஒயரை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"ஏன் ஐயா, இவ வராம இருந்தா நாங்க சங்கு வாங்கியிருப்போமா?"

"இல்லை."

"சங்கு வாங்காம இருந்தா ஒயர் மாட்டியிருப்போமா?"

"...இல்லை."

"ஒயர் இல்லாட்டி கருகுமா?"

பசுபதி குல்லாயைச் சரிசெய்தார்.

"அப்ப நான் முதல்லேருந்து என்ன சொன்னேன்? எல்லாம் இவ வந்ததாலதான்! இதைக் கண்டுபிடிக்க நீங்க எதுக்கு?"

பசுபதியின் நீண்ட தொழில் வாழ்க்கையில், அவர் கொடுத்த சாட்சியத்தையே ஏணியாகப் போட்டு மதில் ஏறித் தப்பியவரை அவர் பார்த்ததில்லை. லாட்டு அவர் காதருகே வந்து, "அத்தான், வாங்க. இதுக்கு மேல ஹைகோர்ட்டுதான்," என்றான்.

நிவாரண் உருகின ஒயரை இரண்டு முனையிலும் வெட்டி எறிந்தான். முனைகளில் டேப் சுற்றினான். பாட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினான். சுத்தமாக ஓடியது. வண்டியின் முகம் தாரகேஷ்வரைப் பார்த்து இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். போகவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை.

மற்றவர்களில் ஷியூலிதான் முதலில் ஏறினாள். ஏறி உட்கார்ந்து, கையிலேயே வைத்திருந்த சந்தேஷை ஒரு கடி கடித்தாள்.

"அம்மா சொல்றது சரிதான். என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க," என்றாள். "நான் போனப்புறம், பிஷு அண்ணனைக் கூப்பிட்டு இதே ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. கோயிலுக்குக் கோயில் ஊதிப் பாருங்க. நான் இல்லாதப்ப வாடை வரலைன்னா நான்தான் பீடை. திரும்பி வரவே மாட்டேன்."

"வந்தா?" என்றான் லாட்டு.

ஷியூலி இன்னொரு கடி கடித்தாள். "வந்தா, அப்ப வண்டியில யாரு இருக்காங்களோ அவங்க."

கடுகு வயலில் காற்று வீசிற்று. கதவைப் பிடித்திருந்த கிரிபாலாவின் கை அப்படியே நின்றது. உருகிய ஒயர் கிடந்த இடத்தை ஒரு பார்வை, அம்பாள் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவள் மனக்கணக்கு போடுவதை முன் கதவருகே நின்ற பசுபதியால் கேட்கவே முடிந்தது.

"திருப்புடா வண்டியை," என்றாள்.

"எங்கம்மா?"

"வீட்டுக்குத்தான், வேறெங்க? நாளைக்கு எதாவது கருகிச்சுன்னா, இவ இல்லாம நான் யாரைச் சொல்வேன்? ஊரு என்னையில்ல சொல்லும்!"

அவள் முழுதாக உட்காருவதற்குள் நிவாரண் வண்டியைத் திருப்பிவிட்டான். அவ்வளவு வேகமாக அந்த அம்பாசிடர் அதற்கு முன்னும் திரும்பியதில்லை, பின்னும் திரும்பியதில்லை. தாய் மனம் மாறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று, வழியில் ஒரு கோயிலுக்கு எதிரேயும் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.